பிஸ்கட் டின்னில் விழுந்த கேள்விகள்: கடலூர், புதுச்சேரி ஊர்களில் இனப்பெருக்க, பாலியல் நலம் பற்றி அடிக்கடி கேட்பவை

நான் 27 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடலூர் முதுநகரில் இருந்து தாழங்குடா வரைக்கும் உள்ள குப்பங்கள், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஊர்கள், எல்லை தாண்டினால் பாகூர்ப் பக்கம் என்று இப்போதும் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். மூடியில் காசு போடுகிற அளவுக்கு ஓட்டை. வாய்விட்டுக் கேட்க முடியாததைச் சீட்டில் எழுதிப் போடலாம், பேர் வேண்டாம். கீழே இருப்பவை அதிகமாக வந்த கேள்விகள். சில கேள்விகள் எங்களைப் போல ஊரில் வேலை செய்ய நினைப்பவர்கள் கேட்டவை.

எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கணும். எங்கிருந்து தொடங்குவது?

பேனர் கட்டாதீர்கள். மைக் வைக்காதீர்கள். சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, விளக்கேற்றினால் வருகிற கூட்டம் டீ குடித்துவிட்டுப் போய்விடும். பெண்கள் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள்.

ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் எனக்கு இது புரிந்தது. ஓட்டில் இருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்று பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். கண் கொட்டை மேலேயே இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. அந்தத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவில், தலை நிமிராமலே ஒரு அம்மா கேட்டார்: "நர்சம்மா, எனக்கு மூணு வருஷமா அடி இறங்கிக் கெடக்குது. இதை யார்கிட்ட சொல்றது?" நான்கு கூட்டம் போட்டும் கிடைக்காத கேள்வி அது. அவர் கேட்டதும் பக்கத்தில் இருந்த இன்னொருவர், "எனக்கும்தான்" என்றார்.

100 நாள் வேலை நடக்கும் இடத்து நிழல், சுய உதவிக் குழுவில் பணம் கட்டி முடித்த பிறகு கிடைக்கும் கால் மணி நேரம், அங்கன்வாடியில் தடுப்பூசி போடும் புதன்கிழமை, எல்லாம் இதற்கு ஏற்ற நேரம்தான். முதல் தடவை எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ரத்தசோகை, கை கால் வலி என்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். மூன்றாவது தடவை போகும்போது உண்மையான கேள்வி வரும். அதுவும் நீங்கள் செருப்பு மாட்டும்போது, வாசற்படியில் வரும். அதனால் அவசரமாகக் கிளம்பாதீர்கள்.

"பாலியல்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்களே?

போகத்தான் செய்வார்கள். அது புத்தகச் சொல், அதோடு செய்தித்தாளில் குற்றச் செய்தியில் மட்டும் பார்த்த சொல். ஊரில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. "தலைக்கு ஊத்தியிருக்கா" என்றால் மாதவிடாய் வந்திருக்கிறது. "முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம். "வெள்ளைபடுது", "அடி இறங்குது", "வயசுக்கு வந்துட்டா", புருஷன் பெண்டாட்டி "ஒண்ணா இருக்கிறது". இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை அவர்கள் சொல்லில் பேசிவிட்டு, மூன்றாவது தடவை "இதைத்தான் ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை இறக்கம்னு சொல்வாங்க" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தச் சொல் அவர்களுக்கு வேண்டும்.

"தீட்டு" என்ற ஒரு சொல்லை மட்டும் நான் வாயில் எடுப்பதில்லை. யாராவது சொன்னால் திருத்திச் சண்டை போடுவதும் இல்லை. என் பேச்சில் அது வராது, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால் கெட்டுப்போக மாட்டார்களா?

நாம் சொல்லவில்லை என்றால் கைப்பேசி சொல்லும். அது சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கை, கால், மூக்கு என்று சொல்லிக்கொடுக்கும்போதே பிறப்புறுப்புக்கும் ஒரு பெயர் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ஒருவன் கை வைத்தால் குழந்தையால் வந்து சொல்லக்கூட முடியாது. "யார் தொட்டாலும், மாமாவோ தாத்தாவோ வாத்தியாரோ, உனக்குப் பிடிக்கலைன்னா அம்மாகிட்ட சொல்லு, அம்மா உன்னைத் திட்ட மாட்டேன்." இதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். திட்டு விழும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

18 வயதுக்குக் கீழ் உள்ள ஆண், பெண் குழந்தைகள் எல்லோருக்கும், பாலியல் குற்றங்களில் இருந்து அவர்களைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். குற்றம் நடந்திருப்பது தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் அதுவும் குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்தப் போனில் இருந்தும் இலவசமாக அழைக்கலாம்.

மகள் வயசுக்கு வந்திருக்கிறாள். சடங்கெல்லாம் முடிந்தது. இனி அவளுக்கு என்ன சொல்ல வேண்டும்?

சடங்குக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மகளுக்காவது 9, 10 வயதிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்துக் கழிவறையில் ரத்தத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று நினைத்துச் சாயங்காலம் வரை வெளியே வராமல் அழுத பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

மஞ்சள் நீராட்டு விழாவை நான் குறை சொல்ல மாட்டேன். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை எல்லாம் அந்தப் பிள்ளைக்கு நல்லது. ஆனால் அந்தக் கவனிப்பு 16ஆம் நாளோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வீட்டில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மீன் துண்டு, அவளுக்குக் குழம்பு. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வாந்தி வருகிறது என்று ஜன்னல் வழியாக வீசுகிறார்கள்.

ஆரம்ப இரண்டு வருடம் நாள் கணக்கு முன்னே பின்னே இருக்கும். அது பரவாயில்லை. பிறகு 21 முதல் 35 நாளுக்கு ஒரு தடவை, 2 முதல் 7 நாள் வரை படும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய கட்டியாகப் போகிறது, வலியில் பள்ளிக்குப் போக முடியவில்லை, 16 வயதாகியும் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஊர்ப்புறத்தில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள், உங்கள் பகுதி செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். துணி பயன்படுத்துவதும் தப்பில்லை. அதைக் கட்டிலுக்கு அடியிலும் மற்ற துணிக்குக் கீழேயும் ஒளித்து ஈரத்தோடு காயப்போடுவதுதான் தப்பு. சோப்புப் போட்டு அலசி, கொடியில், வெயிலில் போடுங்கள். உப்புக்காற்று அடிக்கிற குப்பத்தில் நிழலில் எதுவும் சரியாகக் காய்வதில்லை.

வெள்ளைப்படுதல் இருந்தால் எலும்பு உருகுகிறது என்கிறார்களே, உண்மையா?

டின்னில் அதிகம் விழுந்த சீட்டு இதுதான். உண்மை இல்லை. எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்புச் சூட்டாலும் இது வருவதில்லை.

வாயில் எச்சில் ஊறுவது மாதிரி பிறப்புறுப்பும் தன்னை ஈரமாக வைத்துக்கொள்கிறது. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில், கருமுட்டை வெளிவரும் சமயத்தில், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகப் படும். கர்ப்பத்தின்போதும் அதிகமாகும். நாற்றம், அரிப்பு, எரிச்சல் இல்லையென்றால் பயப்பட வேண்டாம்.

தயிர் திரிந்த மாதிரி, கூடவே தாங்க முடியாத அரிப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் இருந்தால் இது திரும்பத் திரும்ப வரும், சர்க்கரையையும் பாருங்கள். மீன்கவிச்சி மாதிரி நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, ஒன்றாக இருக்கும்போது வலி இருந்தால் தாமதிக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. மருந்து இலவசம். உடலுறவு வழியாகப் பரவும் தொற்று என்று டாக்டர் சொன்னால் கணவரும் மருந்து சாப்பிட வேண்டும். அவர் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். ஆணுக்கு வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே தொற்று இருக்கலாம். அவர் சாப்பிடவில்லை என்றால் உங்களுக்கு மறுபடியும் வரும்.

உள்ளே சோப்பு, டெட்டால், மஞ்சள்தண்ணி எதையும் விட்டுக் கழுவாதீர்கள். வெளிப்பக்கம் தண்ணீரில் கழுவினால் போதும்.

மீன் விற்கப் போகிறேன். மூத்திரம் போனால் நெருப்பு மாதிரி எரிகிறது. ஏன்?

விடிகாலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம் என்று தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியம் வீடு திரும்புகிற வரை நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏனென்றால் போக இடம் இல்லை. அடக்கி அடக்கி மூத்திரப்பையில் கிருமி பெருகுகிறது. பரிசோதித்து மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் சரியாகும். மறுபடி தண்ணீர் குடிக்காமல் போனால் மறுபடி வரும்.

இதற்கு மருந்து மட்டும் தீர்வு இல்லை. மீன் இறங்குதளத்திலும் மார்க்கெட்டிலும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறை வேண்டும். கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தெருவிளக்கு, சாக்கடையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். இது மானப் பிரச்சினை என்று பெண்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் அதிகம்.

இரண்டு பிள்ளை போதும். ஆபரேஷன் தவிர வேறு வழி இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. நம் ஊரில் அதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. பிரசவத்துக்கு உள்ளே போனவள் இரண்டாவது பிள்ளையோடு ஆபரேஷனும் முடித்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. பல பெண்களுக்கு 25 வயதுகூட ஆகியிருக்காது.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டால் வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் வரை பயன் தரும், எடுத்த பிறகு கரு தரிக்கும். "அது நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்பது கதை. கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழி கிடையாது. முதல் இரண்டு மூன்று மாதம் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் படலாம். அந்தரா என்பது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி. மாதவிடாய் நின்றுபோகலாம், கெட்ட ரத்தம் உள்ளே தங்குவதாக நினைக்காதீர்கள். ஊசியை நிறுத்தியபின் கரு தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாகப் பிடிக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை, தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாலா-என் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கிறவர்களுக்கு அது வேண்டாம். புகை பிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆணுறை கருவையும் தடுக்கும், நோயையும் தடுக்கும். இரண்டையும் செய்வது அது ஒன்றுதான். எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஆபரேஷன் நிரந்தரம் என்பதை யோசித்து முடிவு எடுங்கள். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்திலும் சுற்றுவட்டாரக் குப்பங்களிலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களில் பலர் கருத்தடை செய்துகொண்டவர்கள். அரசு அவர்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, எல்லோருக்கும் இல்லை. அந்த வருடங்களில் என் சைக்கிளை நிறுத்தி, "நர்சம்மா, திரும்பவும் சேர்த்து வெப்பாங்களா?" என்று கேட்ட முகங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஆண்களுக்கு ஆபரேஷன் செய்தால் பலம் போய்விடுமா? வலை இழுக்க முடியாதா?

போகாது. கத்தி வைத்து அறுப்பதில்லை, சின்னத் துளை போட்டு விந்து வரும் குழாயை அடைப்பது, அவ்வளவே. தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்கக்கூடாது. ஆண்மை, ஆசை, விறைப்பு எதுவும் குறையாது. உடனே பலன் தராது என்பது முக்கியம். மூன்று மாதம் வரை ஆணுறை போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

பெண்கள் செய்துகொள்வதை விட இது எளிது, ஆபத்தும் குறைவு. அப்படியிருந்தும் அதே தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய எல்லாருமே மனைவிக்குத்தான் செய்திருக்கிறார்கள். மொத்தத் தம்பதிகளில் ஆணுக்குச் செய்தது 0.1 சதவீதம்.

மீனவ ஆண்களிடம் பேச நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் நிழலில் வலை சரிசெய்துகொண்டு இருப்பார்கள். அங்கே பெண்கள் போய்ப் பேசுவதை விட, இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு ஆண் போய் உட்காரட்டும். "நான் செஞ்சு ஆறு வருஷம் ஆகுது, இன்னும் படகு தள்ளுறேன்" என்று அவர் சொன்னால் அதற்குமேல் சந்தேகம் வராது. ஒரு வாரம் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கும் தடைக்காலம்தான் வசதி.

ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் தடுக்கலாம். அந்த மாத்திரை கருக்கலைப்பு மாத்திரை அல்ல, கரு உருவாகாமல் தடுப்பது. நம் பக்கத்து மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை, கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது. பப்பாளி, எள், கருப்பட்டி சாப்பிட்டால் கலைந்துவிடுமா?

கலையாது. நாள்தான் வீணாகும், அந்த நாட்கள் முக்கியம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

கருக்கலைப்பு இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தின்பேரில் செய்யலாம். 20 முதல் 24 வாரம் வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்ற குறிப்பிட்ட நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இதில் அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதுவும் சட்டத்தில் இல்லை. பேரை வெளியே சொல்லக்கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும்.

மாத்திரையால் கலைப்பது 9 வாரம் வரை, அதுவும் டாக்டர் பார்த்து வாரக்கணக்கை உறுதிசெய்த பிறகுதான். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிப் போட்டுவிட்டு மூன்று நாள் ரத்தப்போக்கோடு கொல்லையில் படுத்திருந்தாள். நாங்கள் போனபோது கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. 108 வந்து தூக்கிப்போய் ரத்தம் ஏற்றிப் பிழைத்தாள். யாரிடமாவது முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் இருந்திருக்காது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவு ரத்தம், காய்ச்சல், மயக்கம், தோள்பட்டை வலி வந்தால் உடனே 108.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு மாதம் ஒரு தடவை வரும் "ஸ்பெஷலிஸ்ட்" டாக்டரிடம் போகலாமா? (ஆண்கள் எழுதிய சீட்டு)

போகாதீர்கள், தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே லேபிள் இல்லாத இரண்டு பாட்டில், ஒரு டப்பா லேகியம், வெள்ளைத்தாளில் மடித்த பொடி. சுவரொட்டியைப் பார்த்து ஒரு லாட்ஜ் அறைக்குப் போயிருக்கிறான். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. சின்ன வயதில் கைப்பழக்கம் இருந்ததால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று சொல்லி, அவன் அம்மா கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை வாங்கிவிட்டார்கள். அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

சுய இன்பம் நோய் அல்ல. அதனால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது, குழந்தை பிறப்பது தடைப்படாது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது வாலிபத்தில் இயல்பு. ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்குக்கு ஆதாரமே கிடையாது. உடம்பு அதைத் தினமும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

விறைப்பில் உண்மையிலேயே தொடர்ந்து பிரச்சினை இருந்தால், அதுவும் 40 வயதுக்கு மேல் என்றால், முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். சிறிய ரத்தக்குழாய்களைத்தான் சர்க்கரை முதலில் கெடுக்கும். குடி, சிகரெட், தூக்கமின்மை, மனக்கவலை எல்லாமே காரணமாகும். அரசு மருத்துவமனையில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தால், "சர்க்கரை பார்க்கணும்" என்று சீட்டு வாங்கி உள்ளே போய் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுவரொட்டி ஒட்டுகிறவரிடம் போவதா என்று முடிவு செய்ய இது ஒன்று போதும்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, பெயர் வெளியே போகாமல் செய்கிறார்கள். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேசுவார். சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், முடிவை மற்றவருக்குச் சொல்வதும், வேலையில் இருந்து நீக்குவதும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி தடை.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அப்போது மருந்து இல்லை. இப்போது தினமும் மாத்திரை சாப்பிட்டால் மற்றவர்கள் மாதிரியே வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு வழியாகப் பரவுவதில்லை. கர்ப்பிணி முதலிலேயே பரிசோதித்து மருந்து எடுத்தால் குழந்தைக்கு வராமல் தடுக்கலாம். ஒன்றாகச் சாப்பிடுவது, கொசு, தொடுவது, ஒரே கழிவறை எதனாலும் வராது. ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் போனால் வராமல் தடுக்கும் மருந்தும் உண்டு. எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097 இலவச எண்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு என்ன பரிசோதனை?

30 வயது ஆன பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். வினிகர் மாதிரி நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்துப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, வலிக்காது. காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டால் பாதுகாப்பு அதிகம். ஒன்றாக இருந்த பிறகு ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம் என்றால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் போங்கள்.

அடி இறக்கத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆகணுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. பிள்ளை பெற்ற இருபதாம் நாளே மீன்கூடை, விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம் தூக்கியதுதான் பல பேருக்கு ஆரம்பம். தொடக்க நிலையில் மூத்திரத்தை அடக்குவது போல அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் குறையும். உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கச் செய்யும் வழியும் உண்டு. முற்றிய நிலையில்தான் ஆபரேஷன். முந்திரிக் கொட்டகையில் கேட்ட அந்த அம்மாவுக்கு வளையம் வைத்தார்கள். "மூணு வருஷமா நான் நேரா உக்காரலை நர்சம்மா" என்று பிறகு சொன்னார்.

வெள்ளைபடுது, வயிறு வலிக்குது என்று போனதுமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

கல்யாணமாகி இரண்டு வருடம். பிள்ளை இல்லை. என்னை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப் போகிறார்கள்.

முதல் நாளே இருவரும் போக வேண்டும். விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு, வலி இல்லை. ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. மாமியாரிடம் நீங்கள் சொல்ல முடியாது என்றால் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள்.

திருநங்கைகளையும் இந்தப் பேச்சில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். சித்திரையில் கூவாகம் போகும் வழியில் மட்டும் நினைத்துக்கொள்வது போதாது. தமிழ்நாடு 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலம். அப்படியும் மருத்துவமனை வரிசையில், ஆண் பக்கமா பெண் பக்கமா என்று நிற்க வைத்து வேடிக்கை பார்ப்பதால் பலர் வருவதையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் குழுவில் ஒரு திருநங்கையைப் பேச அழையுங்கள், பார்வையாளராக அல்ல.

எங்கே போவது?

முதலில் உங்கள் துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரம் பக்கம் என்றால் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் இருக்கும் ராஜீவ்காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். நம் ஜனங்கள் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய்வருகிறவர்கள். எங்கே போனாலும் பழைய சீட்டு, ஸ்கேன், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 181.

எங்காவது உங்களைத் திட்டினால், "கல்யாணம் ஆகலையா, அப்புறம் எதுக்கு வந்தே" என்று கேட்டால், திரும்பி வந்துவிடாதீர்கள். செவிலியரையோ எங்களைப் போன்ற ஒருவரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு அடுத்த நாள் மறுபடி போங்கள்.

டின்னில் போட்ட சீட்டை என்ன செய்வீர்கள்? எழுதத் தெரியாதவர்கள் எப்படிக் கேட்பது?

சின்ன ஊரில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். அதனால் கேள்வியை என் நோட்டில் என் கையால் எழுதிக்கொண்டு, சீட்டை அன்று ராத்திரியே அடுப்பில் போட்டுவிடுவேன். கூட்டத்தில் பதில் சொல்லும்போது எந்த ஊரில் இருந்து வந்தது என்று சொல்வதில்லை. ஒரே ஊருக்குத் தொடர்ந்து போனால் கேள்விகளைக் கலந்துதான் படிப்பேன்.

எழுதத் தெரியாதவர்கள் பேத்தியிடம் எழுதி வாங்கிப் போட வேண்டாம். வெறும் தாளை மடித்துப் போடுங்கள். டின்னைத் திறக்கும்போது வெறும் தாள் இருந்தால், பேச வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். கூட்டம் கலைந்த பிறகு அரை மணி நேரம் குழாயடியில் கை கால் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டிருப்போம்.